பூர்வீக வீட்டு அம்மனை லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாமா?

சிவகங்கை மாவட்டத்திலிருந்து 57 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. 81 வயது அம்மாவைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அப்பா இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார். உயில் இல்லை. தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், தங்கை கல்யாணமாகித் திருச்சியில் இருக்கிறார். பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓடு இறங்கிவிட்டது, மழை பெய்தால் சுவரெல்லாம் ஓதம். சரிசெய்ய 18 லட்சம் ஆகும் என்கிறார் கொத்தனார்.

அப்பா பூட்டியே வைத்திருந்த அறையைத் திறந்தபோது கிடைத்தவற்றைப் பட்டியல் போட்டிருக்கிறார். பெரிய தஞ்சாவூர்ப் படம் ஒன்று, சரிகையும் ஜிகினாவும் ஒட்டிய ரவிவர்மா படங்கள் ஆறு, யானைத் தந்தக் குங்குமச் சிமிழ் ஒன்று, சில ஓலைச்சுவடிக் கட்டுகள், ஒரு டப்பா நிறைய வெள்ளிக்காசு, இரண்டு பெட்டி மங்குச் சாமான் (பழைய பீங்கான், எனாமல் பாத்திரங்கள்). இவை போக, பூஜை அறையில் எப்போதும் இருக்கும் ஓரடி உயரச் செப்பு அம்மன். தம்பிக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலமாகச் சென்னையிலிருந்து ஒரு தரகர் வந்து எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார். அம்மன் மட்டுமே லண்டன் ஏலத்தில் 2 கோடிக்குப் போகும் என்றார். ‘இது தொல்பொருள் அல்ல’ என்று சான்றிதழ் வாங்க 85,000 ரூபாய் முன்பணம் கேட்டு, முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். “அக்கா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நான் பார்த்துக்கிறேன்” என்கிறார் தம்பி. அது சரிவராவிட்டால் அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மனைப் பெட்டியில் வைத்துத் தானே கொண்டுபோவதாகவும் சொல்கிறார். தங்கை பங்கு கேட்கிறார். அம்மாவோ அம்மனைப் பற்றிப் பேச்செடுத்தாலே சாப்பாட்டை ஒதுக்கிவிடுகிறார்.

“நானும் கட்டிக்கொடுத்த பெண்தானே, இதைத் தடுக்க எனக்கு உரிமை உண்டா? அரசாங்கத்திடம் சொன்னால் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்களா? நம் வீட்டுப் பொருளை நாமே விற்க முடியாதா?” என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசியில், பெரிதாக நினைக்காமல் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்: அப்பாவின் டிரங்குப் பெட்டியில் 1954-ம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருக்கிறது, அண்டா குண்டாவெல்லாம்கூட எழுதியிருக்கிறார்கள் என்று. அதில் ஒரு பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

அம்மா, முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 85,000 ரூபாயும் கொடுக்காதீர்கள். தம்பி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. கோபம் தணிந்த பிறகு அவரிடம் பேசலாம். போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்குவது அத்தனை சுலபமில்லை.

அந்தச் சான்றிதழ் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரம் இந்தியத் தொல்லியல் துறைக்குத்தான் உண்டு. புதிதாக வார்த்த சிலைகள், கைவினைப் பொருட்கள் வெளிநாடு போகும்போது சுங்கத்தில் காட்டுவதற்காக ‘இது தொல்பொருள் அல்ல’ என்று அவர்கள் சான்றிதழ் தருகிறார்கள். உங்கள் தரகர் ஒரே வாயால் இரண்டு விதமாகப் பேசுகிறார். லண்டனில் 2 கோடிக்குப் போகும் அளவுக்குப் பழையது என்கிறார், அரசிடம் பழையது அல்ல என்று எழுதி வாங்கலாம் என்கிறார். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. பழைய சிலையைப் புதுக் கைவினைப் பொருள் என்று பொய் சொல்லிக் கப்பலேற்றுவதுதான் தமிழ்நாட்டுச் சிலைக் கடத்தல் வழக்குகளில் திரும்பத் திரும்பப் பார்த்த வழி. அந்தப் பொய்யில் உரிமையாளர் என்று எழுதியிருப்பது உங்கள் பெயர். தரகர் பெயர் அந்தத் தாளில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கடத்தல்காரர் இல்லையென்றால், அவர் வெறும் முன்பணத்துக்காக வந்தவராக இருக்கலாம். பழைய ஐந்து ரூபாய் நாணயத்துக்கு லட்சம் தருவதாகச் சொல்லி முன்கட்டணம் கறக்கும் கூட்டத்தைப் பற்றி 2021-ல் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை அறிக்கை விட்டது. கோபுரக் கலசத்தில் இரிடியம் என்று சொல்லிப் பணத்தைப் பறித்த கதைகளும் நம் ஊரில் எத்தனையோ. வழக்குக்காக என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் சான்றிதழுக்கு ஒரு தடவை, இன்சூரன்ஸுக்கு ஒரு தடவை, ‘சுங்கத்தில் மாட்டிக்கொண்டது’ என்று இன்னொரு தடவை என மூன்று முறை கட்டிய பிறகுதான் வந்தார். பணமும் வரவில்லை, அவர் கொடுத்தனுப்பிய விளக்கும் திரும்பி வரவில்லை.

கையெழுத்து உரிமை யாருக்கு?

“நானும் கட்டிக்கொடுத்த பெண்தானே” என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் இப்படி எழுதியதைப் படிக்க எனக்கு வருத்தமாக இருந்தது. அப்பா உயில் எழுதாமல் காலமானதால் அவருடைய பங்கு உங்கள் அம்மா, நீங்கள், தம்பி, தங்கை என நால்வருக்கும் சமமாக வருகிறது. நிலம், வீடு மட்டுமில்லை, பரணில் இருக்கும் மங்குத் தட்டுக்கும் இதே கணக்குதான். பூர்வீகச் சொத்தில் 1989-க்கு முன் கல்யாணமான பெண்களுக்குப் பங்கில்லை என்று ஊரில் இன்னமும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 1989-ல் வந்த திருத்தத்தில் அப்படி ஒரு வரையறை இருந்தது உண்மை. ஆனால் 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு, மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குதாரர் என்று ஆனது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. தங்கைக்குச் செய்த சீர் பாசத்தோடு செய்தது. அவர் பங்குக்கு ஈடாக அதைக் கழிக்க முடியாது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தம்பி தனியாக விற்க முடியாதது போலவே நீங்களும் தனியாக விற்க முடியாது. நால்வரும் சம்மதித்து எழுத்தில் கையெழுத்திட்டால்தான் எந்த நியாயமான ஏல நிறுவனமும் பொருளைத் தொடும். தம்பி கேட்கவே இல்லையென்றால் பங்கு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, பொருட்களை வெளியே கொண்டுபோகத் தடையுத்தரவு வாங்கலாம். ஆனால் அது கடைசி வழி. உங்கள் தம்பி கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒழுகும் வீட்டை நினைத்துத் தவிக்கிறார், கிடைத்த முதல் ஆளை நம்பிவிட்டார்.

அம்மன் யாருடையவள்?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். நீங்கள் கேட்காத கேள்வியும் இதுதான். உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது: “பங்குனித் திருவிழாவுக்கு அம்மன் நம் வீட்டிலிருந்துதான் புறப்படும் என்று அத்தை சொல்வார்.” அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். உற்சவத் திருமேனிகளைப் பாதுகாப்புக்காக ஊரில் பெரிய வீட்டில் வைத்திருப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். கோவிலில் கதவு சரியாக இருக்காது, காவல் இருக்காது. பெட்டகமும் ஆள் நடமாட்டமும் உள்ள வீட்டில் வைத்துப் பூஜை செய்து, திருவிழாவுக்கு மட்டும் எடுத்துப்போவார்கள். இரண்டு தலைமுறை கழித்து, கோவிலும் பாழடைந்த பிறகு, ‘நம் வீட்டு அம்மன்’ என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். அதில் யார் குற்றமும் இல்லை.

ஆனால் சட்டத்தின் கண்ணில் கோவில் தெய்வம் சொத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு நபர். வீட்டில் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த உரிமை போகாது. பத்தூர் நடராசர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1976-ல் அந்தச் சின்ன ஊரில் மண்ணைத் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளிக்குக் கிடைத்தவர், கை மாறிக் கை மாறி லண்டன் போனார். கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று காசு கொடுத்து வாங்கியிருந்தது. அங்கே போலீஸார் கைப்பற்ற, வழக்கு லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. பத்தூர்க் கோவில் அப்போது இடிந்துதான் கிடந்தது. இருந்தும் கோவிலுக்கே உரிமை என்று தீர்ப்பாகி, 1991-ல் நடராசர் ஊர் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. கூடவே வந்த ஆவணங்கள் எல்லாம் போலி என்று தெரிந்த பிறகு 2014-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அதை விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூருக்கு 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருடச் சிறைத்தண்டனை விதித்தது.

இந்த வழக்குகளுக்குப் பிறகு வெளிநாட்டு ஏல நிறுவனங்கள் தென்னிந்தியச் செப்புச் சிலை என்றால் முதலில் கேட்பது, இந்தியாவை விட்டு எப்போது, எந்தக் காகிதத்தோடு வெளியேறியது என்பதைத்தான். இன்றைக்குப் புறப்படும் உங்கள் அம்மனுக்கு அதற்கு நேர்மையான பதிலே கிடையாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து தமிழ்நாட்டுக் கோவில்களில் எடுத்த புகைப்படங்களை வைத்தே எத்தனையோ சிலைகளை இன்ன கோவிலுடையவை என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். உங்கள் அம்மனின் படமும் அதில் இருந்தால்?

அதனால்தான் அந்த 1954 பத்திரம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் தாத்தாவின் பங்கில் “தஞ்சாவூர்ப் படம் பெரிசு 1” என்று இருக்கிறது. “கண்ணாடிப் படம் 6” இருக்கிறது, “மங்குச் சாமான் பெட்டி 2” இருக்கிறது, “வெங்கல அண்டா 3” கூட இருக்கிறது. இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர் அம்மனை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பக்கத்தின் அடியில், மடிப்பில் பாதி மறைந்து, “அம்மன் பூசை முறை வருஷம் ஒ” என்று தொடங்குகிறது. அதோடு படம் முடிந்துவிடுகிறது.

‘பூசை முறை’ என்பது சொத்து அல்ல. இன்ன வருடம் இன்னார் பூஜை நடத்த வேண்டும் என்கிற பொறுப்பு. அடுத்த பக்கத்தில் “குடும்பத்துக்குப் பாத்தியப்பட்ட” என்று இருந்தால் ஒரு வழி. ஊரின் பெயரோ கோவிலின் பெயரோ இருந்தால் வேறு வழி. கோவிலுடையது என்றால் விற்பது பற்றிப் பேசவே இடமில்லை. அறநிலையத் துறைக்குத் தெரிவித்து முறைப்படி ஒப்படைப்பதுதான் உங்களையும் காப்பாற்றும், அம்மனையும் காப்பாற்றும். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று கவலைப்படாதீர்கள். அம்மனை விற்கக்கூடாது என்பதுதானே அவர் மனதில் இருப்பது? அம்மன் தன் ஊரிலேயே இருப்பாள் என்று சொன்னால் நிச்சயம் சாப்பிடுவார்.

பதிவு செய்தால் பிடுங்கிக்கொள்வார்களா?

இல்லை. இந்தப் பயத்தினாலேயே எத்தனையோ வீடுகளில் நல்ல பொருட்கள் பரணிலேயே செல்லரித்துப் போகின்றன. தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 100 வருடத்துக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளுக்கு 75 வருடம் போதும். தொல்பொருளைச் சொந்தமாக வைத்திருப்பது குற்றமில்லை. நாட்டுக்குள் விற்பதும் குற்றமில்லை. அதைத் தொழிலாகவே செய்கிறவருக்குத்தான் உரிமம் வேண்டும். உங்களைப் போன்றவர்கள் செய்ய வேண்டியது, கல், உலோகம், தந்தம், மரம் இவற்றில் செய்த சிற்பங்களையும் ஓவியங்களையும் படம் வரைந்த சுவடிகளையும் பதிவு செய்வது. பதிவுச் சான்றிதழோடு விற்றால், கைமாறியதைப் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு பொருளை அரசு கட்டாயமாகக் கையகப்படுத்தலாம் என்று இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பது உண்மை. அப்படி எடுத்தால் இழப்பீடு கொடுக்க வேண்டும். உண்மையான வழிபாட்டில் இருக்கும் பொருளை அந்தப் பிரிவின்படி எடுக்கவே முடியாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. பதிவு செய்யாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், பொருளையும் பறிமுதல் செய்யலாம் என்று ஒரு பிரிவு இருப்பதையும் நான் உங்களிடம் மறைக்கக்கூடாது. அதனால் ஒரு வக்கீலோடு போங்கள். அப்பா காலமானது, அறை திறந்தது, பத்திரம் கிடைத்தது எல்லாவற்றையும் தேதியோடு எழுதி, நீங்களாகவே முன்வந்து கொடுங்கள். சென்னை கோட்டையில் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்துக்கான பதிவு அலுவலர் யார் என்று அங்கே கேட்டால் சொல்வார்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதுதான் கூடவே கூடாது. தொல்பொருளை ஏற்றுமதி செய்யும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் மட்டும்தான். மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று வருடம் சிறை, அபராதம் தனி. விற்கவில்லை, என் வீட்டில் வைத்துக் கும்பிடத்தான் கொண்டுபோகிறேன் என்பது பதிலாகாது. தம்பி பெட்டியில் வைத்துக் கொண்டுபோவதாகச் சொன்னது பேச்சோடு போகட்டும். விமான நிலையத்தில் பிடிபட்டால் சிங்கப்பூர் வேலை என்ன ஆகும் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லுங்கள்.

மற்ற பொருட்கள்

ரவிவர்மா படங்கள் கையால் வரைந்தவை என்று தரகர் சொன்னாராம். பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கி லட்சுமியின் கன்னத்தைப் பாருங்கள். வண்ணம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்லா பக்கம் போனது. பல படங்களின் கீழ் ஓரத்தில் ‘ரவி வர்மா பிரஸ், கார்லா–லோனாவ்லா’ என்று பொடி எழுத்தில் இருக்கும். படத்தின் மரச் சட்டத்துக்குள் மறைந்திருக்கலாம். அதைப் பார்க்கப் பின்பலகையைப் பிடுங்கிவிடாதீர்கள், தெரிந்தவர் செய்யட்டும். அவர் தூரிகையால் வரைந்த ஓவியமும் இந்த அச்சுப்படமும் விலையில் மலையும் மடுவும். ஆனாலும் உங்கள் வீட்டுப் பெண்கள் யாரோ உட்கார்ந்து புடவைக்குச் சரிகையும் நகைக்கு ஜிகினாவும் ஒட்டியிருக்கிறார்களே, அந்தக் கைவேலையை விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பழசாகிவிட்டது என்று அதை உரித்துவிடாதீர்கள்.

தந்தச் சிமிழை விற்கவே முடியாது, ஏலத்திலும் கடையிலும் தெரிந்தவருக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-ல் வந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தை நிறுத்தியது, 1991-ல் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் சேர்த்தார்கள். 2003-ல் அரசு கொடுத்த அவகாசத்தில் அப்பா இதைக் கணக்குக் காட்டினாரா, உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று அதே டிரங்குப் பெட்டியில் தேடுங்கள். இருந்தால் வாரிசாக உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வக்கீல் மூலம் வனத்துறைக்கு எழுதித் தெரிவிப்பது நல்லது. சின்னச் சிமிழ்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை விக்டோரியா ரூபாய், அதிலும் 1862 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வருடத்துக் காசு இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. ஒரு காசு சுமார் 11.66 கிராம், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளி. பெரும்பாலும் வெள்ளி விலையை ஒட்டியே போகும். ஏதாவது அரிய வகை உள்ளே இருக்கிறதா என்று நாணயம் தெரிந்தவர் ஒருவர் பார்க்கட்டும். ஆனால் தயவுசெய்து புளி போட்டு விளக்காதீர்கள்! பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அம்மனையும் பாத்திரப் பொடி போட்டுத் தேய்த்ததாக எழுதியிருந்தீர்கள். இனிமேல் வேண்டாம். நூறு வருடமாக உலோகத்தின் மேல் படிந்த அந்த மங்கல் நிறம்தான் அதன் வயதுக்குச் சாட்சி.

சுவடிகளை ஈரத்துணியால் துடைக்காமல், கயிற்றை அவிழ்க்காமல், தஞ்சை சரஸ்வதி மகாலிலோ சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ காட்டுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த பிறகு முடிவு செய்யலாம். மங்குச் சாமானும் நாற்காலி மேசையும் உங்கள் நால்வரின் சம்மதத்தோடு தாராளமாக விற்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், முதல் ஆளிடமே கொடுத்துவிடாதீர்கள். தேக்குத் தூணையும் நிலையையும் மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வீட்டைச் சரிசெய்யத்தானே இந்தப் பாடெல்லாம்?

ஏலத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

உங்களிடம் இருப்பதில் ஏலத்துக்குப் போகத் தகுந்தது தஞ்சாவூர்ப் படம்தான். அதற்குப் பத்திரத்தின் சாட்சியும் இருக்கிறது. பதிவு செய்துவிட்டு, மும்பையிலோ வேறு நகரத்திலோ இந்தியாவுக்குள் ஏலம் நடத்தும் நிறுவனங்கள் இரண்டு மூன்றுக்குப் படத்தையும் பத்திர நகலையும் அனுப்பி மதிப்பீடு கேளுங்கள். மதிப்பிட்டுச் சொல்ல முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

செய்தித்தாளில் வரும் லண்டன், நியூயார்க் விலைகளை மறந்துவிடுங்கள். அவை எப்போதோ நாட்டை விட்டுப் போன பொருட்களின் விலை. இங்கே விற்கும் தொல்பொருளுக்கு ‘ஏற்றுமதிக்கு உரியதல்ல’ என்று விவரப் பட்டியலிலேயே போடுவார்கள். அதனால் வாங்குகிறவரும் இந்தியாவுக்குள் இருப்பவர்தான். அப்புறம் செய்தியில் வரும் தொகையில் பல சமயம் வாங்குபவர் நிறுவனத்துக்குக் கொடுக்கும் கமிஷனும் சேர்ந்திருக்கும். உதாரணத்துக்கு, ஏலம் 5 லட்சத்தில் முடிந்து சுத்தியல் விழுகிறது, வாங்குபவர் கமிஷன் 15 சதவீதம், விற்பவர் கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் 5,75,000 கொடுப்பார், வரி தனி. உங்களுக்கு வருவது 4,50,000. அதிலும் வண்டிச் செலவு, இன்சூரன்ஸ், போட்டோ செலவு கழியலாம். இதற்குக் கீழே விற்கக்கூடாது என்று ஓர் அடிமட்ட விலையை எழுதி வாங்குங்கள். விற்காமல் போனால் பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, விற்றால் எத்தனை நாளில் பணம் வரும், இந்த இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எதிர்பார்ப்பை மிக உயர்த்தி வைத்து ஏலம் போகாமல் நின்ற படம் அடுத்த ஏலத்தில் இன்னும் மலிவாகத்தான் கேட்கப்படும்.

வருமான வரியும் உண்டு. வீட்டுச் சாமான் விற்றால் வரி இல்லை என்பது நாற்காலி, பாத்திரத்துக்குச் சரி. ஓவியம், சிற்பம், கலைப்பொருள், நகை ஆகியவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. வழிவழியாக வந்த பொருளுக்கு 2001 ஏப்ரல் 1-ல் இருந்த சந்தை மதிப்பை அடக்கமாக எடுத்துக்கொண்டு, மிச்ச லாபத்துக்கு இப்போதைய விகிதத்தில் 12.5 சதவீதம் மூலதன ஆதாய வரி. மதிப்பீட்டாளரிடம் அந்த வருடத்து மதிப்பையும் எழுதி வாங்கிவிடுங்கள். பணம் நால்வர் கணக்கிலும் தனித்தனியாக வரவேண்டும், தம்பி கணக்கில் மொத்தமாக வேண்டாம்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 18 லட்சம் வராமல் போகலாம். கொத்தனாரிடம் ஓட்டை மட்டும் முதலில் பிரித்து மேய எவ்வளவு ஆகும் என்று தனியாகக் கேளுங்கள். தண்ணீர் உள்ளே வராமல் நின்றுவிட்டால் சுவருக்கும் தரைக்கும் அடுத்த வருடம் வரை அவகாசம் இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தரகருக்கு, எங்களுக்கு விருப்பமில்லை, எடுத்த போட்டோக்களை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று எழுத்தில் அனுப்பி, அந்தச் செய்தியைப் பத்திரப்படுத்துங்கள். பூஜை அறைக்கு நல்ல பூட்டாகப் போடுங்கள். பொருள் இருப்பது வெளியாளுக்குத் தெரிந்துவிட்டது, வீட்டிலோ வயதானவர் ஒருவரும் நீங்களும்தான். யாராவது மிரட்டினாலோ அம்மனை எடுக்க முயன்றாலோ உள்ளூர்க் காவல் நிலையத்தோடு சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கும் தெரிவிக்கலாம். 1983-லிருந்து இதற்கென்றே தனியாக இருக்கும் பிரிவு அது. தம்பிக்கும் தங்கைக்கும் ஒரே நாளில் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள்.

அப்புறம் அந்தப் பத்திரம். மடிப்பை வலுவாக விரிக்காதீர்கள், 1954-ம் வருடத்துத் தாள், மடிப்பிலேயே முறியும். காலை வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் தட்டையான பலகையில் வைத்து, நான்கு ஓரமும் தெரிகிற மாதிரி ஒவ்வொரு பக்கமாகப் படமெடுங்கள். பின்பக்கத்தில் சார்பதிவாளர் முத்திரையும் எண்ணும் இருந்தால் அதையும் எடுங்கள். அந்த எண் இருந்தால் பதிவு அலுவலகத்திலேயே சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். “அம்மன் பூசை முறை வருஷம் ஒ” என்பதற்கு அடுத்து வரும் பக்கத்தை முதலில் அனுப்புங்கள். அதைப் படித்த பிறகு அம்மனைப் பற்றி மேற்கொண்டு எழுதுகிறேன்.